கொதிகலனுக்குள் பாடிய லாரூய் ஐயா

இந்தத் தீவின் சர்க்கரை ஆலை முதலாளிகள் லாரூய் ஐயாவுக்குப் பயந்த அளவுக்குப் புயலுக்குக்கூடப் பயந்ததில்லை. புயல் போனால் கூரையைத் தேடினால் போதும். லாரூய் ஐயா வந்துவிட்டுப் போனால் சில சமயம் ஆலையையே பூட்டவேண்டியிருக்கும்.

லாரூய் என்றால் எங்கள் கிரியோல் மொழியில் துரு. ஆலைக் கொதிகலன்களில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் அரசாங்க இன்ஸ்பெக்டர் அவர். ஒவ்வொரு வருஷமும் லக்கூப், அதாவது கரும்பு வெட்டு, தொடங்குமுன் ஊர் ஊராகப் போய்க் கொதிகலனுக்குள் நுழைந்து பார்த்து, 'பாஸ்' என்று அவர் சொன்னால்தான் அடுப்பு எரியலாம். சொந்தப் பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். போர்ட் லூயி ஆபீசில் அவர் அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகை எப்போதோ விழுந்துவிட்டது. "ஏன் மாட்டலே?" என்று கேட்டால், "ஆணி சரியில்ல. நல்ல ஆணி வரட்டும்" என்பார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோதும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

பள்ளிப் படிப்பு முடித்த கையோடு அவருக்கு உதவியாளனாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு உலகத்தை அன்றைக்கே புரட்டிப்போட ஆசை. அவருக்கோ உலகத்தைத் தட்டிப் பார்க்க ஆசை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டிச் சுத்தியல். பஸ்ஸில் ஏறினால் கம்பியைத் தட்டுவார். வீட்டுக்குக் கூப்பிட்டால் வாசல் கேட்டைத் தட்டிப் பார்த்து, அதன் முகத்தைப் பொறுத்துத்தான் உள்ளே வருவார். (பேச்சில் பாதிக்குமேல் கிரியோல், படிப்பவர்களுக்காக நான் தமிழாக்கியிருக்கிறேன். 'மிஸ்யே' என்றால் ஐயா.)

ஒரு கல்யாணத்தில் ஏழு கறி வெந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய், சோற்று டேக்சாவைத் தட்டிவிட்டு மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னார்:

"இந்தக் கல்யாணத்துக்குத் தாங்கும். அடுத்த கல்யாணத்துக்குத் தாங்காது."

"அடுத்த கல்யாணமா? என் மகனுக்கு ஒரு கல்யாணம்தான் மிஸ்யே!" என்று சம்பந்தி வீட்டார் முன்னால் அந்த மனிதர் கொதித்தார். ஐயாவுக்கு ஏன் என்று புரியவேயில்லை. "நான் டேக்சாவைப் பத்தித்தானே சொன்னேன்?" என்று வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார்.

தைப்பூசம் இன்னும் மோசம். ஆற்றங்கரையில் காவடிக்காரர்கள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பூசாரி வேலை எடுத்துக் குத்தப்போகும் நேரத்தில் பூதக்கண்ணாடியோடு ஐயா குறுக்கே வருவார்.

"சாமி, இது வேணாம். நுனியில புள்ளி இருக்கு."

பூசாரி இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர். "முருகன் பாத்துப்பான் ஓய், நகரும்!"

"முருகனுக்கு மயில் இருக்கு, மலை இருக்கு, ரெண்டு சம்சாரம் இருக்கு. துருவையும் அவரேதான் பாக்கணுமா?"

"உமக்கு பக்தி இருக்கா இல்லியா?"

"இருக்கு சாமி. அதான் நல்ல வேலாக் குடுங்கன்னு கேக்கறேன்."

நடுவில் நாக்கை நீட்டிய பக்தர், நாக்கை உள்ளே இழுக்கவும் மனமில்லாமல், "ஆஆ... ஆஆ..." என்று இருவரையும் மாறிமாறிப் பார்ப்பார். கடைசியில் வேறு வேல் வரும். ஐயாவும் விபூதி பூசிக்கொண்டு காவடிக்குப் பின்னாலேயே நடப்பார்.

அப்போதெல்லாம் எனக்கு அணுப் பைத்தியம். இங்கிலாந்தில் அணுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களாம் என்று ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, நம் தீவுக்கும் ஒன்று வந்தால் எப்படியிருக்கும் என்று தூக்கமில்லாமல் அலைந்தேன். சேன் பியேருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஆலையைப் பார்க்கப் போன அன்று, வழியில் ஜீப்பை நிறுத்தி தால்பூரி தின்றுகொண்டிருந்தபோது ஐயாவிடம் மூச்சுவிடாமல் அதைச் சொன்னேன்.

"தண்ணி உண்டா?" என்றார்.

"உண்டு ஐயா. தண்ணி கொதிச்சு நீராவியாகித்தான்..."

"இரும்பு உண்டா?"

"உண்டு."

"அப்போ லாரூய் உண்டு. உள்ளே போய் யார் பாக்கறா?"

"உள்ளே யாரும் போகமுடியாது ஐயா. போனா செத்துடுவாங்க."

தால்பூரி பாதியில் நின்றது. "பாவம்" என்றார்.

"யாரு?"

"அந்த இன்ஸ்பெக்டர்." என் பக்கம் திரும்பினார். "அதுக்கு இன்ஸ்பெக்டர் இருக்காருல்ல?"

"இருப்பாரு ஐயா."

"இருப்பாருங்கறது வேற, இருக்காருங்கறது வேற தம்பி" என்று சொல்லிவிட்டு, ஜீப்பின் கதவைத் தட்டிப் பார்த்து ஏறினார்.

எங்கள் ஆலை என்று சொன்னேனே, அதில்தான் சிக்கல். அந்தக் கொதிகலனுக்குக் கரும்புச் சக்கை தள்ளித் தீ மூட்டுகிறவர் என் அப்பா. வெட்டு இல்லாத மாதங்களில் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாரும் சும்மா இருந்து சலித்துப்போயிருந்தார்கள். ஆலை ஓடினால்தான் வெட்டு, வெட்டு நடந்தால்தான் கூலி. ஆகவே ஐயா பாஸ் சொல்வதைக் கேட்க லைனே திரண்டு வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்தாலே வேலைநிறுத்த ஞாபகம் வந்துவிடும் மேனேஜர் மிஸ்யேகூட, அன்று வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து நின்றார்.

ஐயா வேலை செய்யும் விதம் தீவுக்கே தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் முன்பாட்டுப் பாடுகிறவர் அவர். கொதிகலனின் ஆள்துளை வழியாக மெழுகுவத்தியோடு உள்ளே புகுந்ததும் அம்மன் பாட்டு ஒன்றைத் தொடங்குவார். பாட்டுக்குத் தாளம் சுத்தியல். இரும்பு வயிற்றுக்குள்ளிருந்து அந்தக் குரல் பத்து மடங்காகி வரும். பாட்டு ஓடினால் இரும்பு நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். பாட்டு நின்றால் துரு. தமிழில் ஓர் எழுத்து தெரியாத வெள்ளைக்கார மேனேஜர்கள்கூட அந்தப் பாட்டு எங்கே முடியும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு மூன்றாவது அடியிலேயே பாட்டு நின்றது.

மேனேஜர் முகம் வெளுத்தது. அதற்குமேல் வெளுக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். டொக், டொக், டொக் என்று ஒரே இடத்தில் சுத்தியல். அப்பாவால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கோவிலில் பின்பாட்டுப் பாடுவதுபோல் அந்த மூன்றாவது அடியை ஓங்கிப் பாடினார். லைனும் சேர்ந்து பாடியது.

உள்ளே சுத்தியல் நின்றது. முன்பாட்டுக்காரர் பின்பாட்டை அந்தரத்தில் விடலாமா? அம்மனுக்கு ஆகுமா? பழக்க தோஷம், ஐயா நாலாவது அடியை எடுத்துக் கொடுத்தார். அவர் நின்ற இடத்திலெல்லாம் இவர்கள் பிடித்துத் தள்ள, பாட்டு தட்டுத் தடுமாறி மங்களத்துக்கே வந்து சேர்ந்தது.

"பிராவோ! பாஸ்! அலே, மூட்டு நெருப்பை!" என்று மேனேஜர் தொப்பியை வீசினார். யாரோ தேங்காய் உடைத்தார்கள். அப்பா மண்வெட்டியில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு அடுப்பு வாயை நோக்கிப் போனார்.

"அப்பா! ஐயா உள்ளே இருக்காரு!" என்று நான் கத்தினேன்.

ஆள்துளையிலிருந்து முதலில் சுத்தியல் வந்தது, பிறகு தலை வந்தது. செந்தூரம் பூசிய ஆஞ்சநேயர் மாதிரி தலையிலிருந்து கால்வரை சிவந்திருந்தார். உள்ளங்கை நிறையத் துருச் சில்லுகள்.

"பாட்டு நல்லா இருந்துது. பாய்லர் பாஸ் இல்ல."

"பாட்டு முடிஞ்சுதே மிஸ்யே!" என்றார் அப்பா.

"பாட்டு முடிஞ்சா பாஸ்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

எல்லாரும் அதைச் சட்டம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்கள்.

மேனேஜர் முன்னால் வந்தார். "மேலிடத்துக்கு ஃபோன் போட்டா நாளைக்கே உன்னை ரோட்ரிக்ஸ் தீவுக்கு அனுப்பிடுவாங்க. அங்கே ஆடு எண்ணிட்டிரு!"

"அங்கே பாய்லர் உண்டா?"

"கிடையாது!"

"அப்போ சுகம். போறதுக்கு முன்னால இதுல பச்சத்தண்ணி நிரப்பி அழுத்திப் பாத்துடலாம்."

கொதிகலன் முழுக்கக் குளிர்ந்த நீரை நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றுகிற சோதனை அது. ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காக மேனேஜர் கொதிகலனை ஒட்டியே போய் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அப்பா, மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல் அதைத் தடவிக்கொடுத்தபடி. ஐயா மறுபக்கம் தகட்டில் காதை வைத்திருக்க, பம்பை நான்தான் அடித்தேன். அழுத்தமானியில் முள் ஏறியது. ஆலை ஓடும்போது நிற்கிற அளவுக்குப் பாதிகூட வரவில்லை, அடிப்பக்கத் தகட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. வெள்ளைக் கோட்டு காவியாகிவிட்டது. மேனேஜர் சந்நியாசி கோலத்தில் ஓடிய ஓட்டத்தை லைன்காரர்கள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

நான் சிரிக்கவில்லை. தண்ணீர் அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தினமும் நின்று சக்கை தள்ளும் இடம். அன்று பாய்ந்தது பச்சைத் தண்ணீர். வெட்டுக் காலமாயிருந்தால் பாய்வது நீராவி.

அப்பா சொட்டச்சொட்ட நின்றார். பிறகு ஐயாவைப் பார்த்து விரலை நீட்டினார்.

"நல்லா இருந்த பாய்லரு! நீங்க தட்டித் தட்டித்தான் ஓட்ட போட்டீங்க!"

"இருக்கலாம் அண்ணே" என்றார் ஐயா, காதில் புகுந்த தண்ணீரைச் சாய்த்து விட்டுக்கொண்டே.

தகடு மாற்றி முடிப்பதற்குள் சுற்றுவட்டாரம் முழுவதும் வெட்டு மும்முரமாகிவிட்டது. எங்கள் லைன் மட்டும் வேடிக்கை பார்த்தது. எல்லாரும் ஐயாவைத் திட்டினார்கள். ஆலை ஓடத் தொடங்கியதும் மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், அப்பா மறக்கவில்லை. அந்த வெட்டுக் காலம் முழுவதும் லாரூய் ஐயாவை அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, என் எதிரே உட்கார்ந்து, ரசம் விட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே திட்டினார்.