மருமகளின் கெர்னலும் என் புகாரும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள், உங்கள் முழங்காலும் மாடிப்படியும் சமாதானமாகியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பதறாதீர்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் என் மானம் கொஞ்சம் கப்பலேறும், பொறுமையாகப் படியுங்கள்.

அவள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்றுதானே நாம் இருவரும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அப்படியில்லையாம். கம்ப்யூட்டருக்குள் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன் முன்னால் கைகட்டி நின்றுதான் இடமும் நேரமும் வாங்க வேண்டும். பல நாட்டுக்காரர்கள் கூடி எழுதும் அதையே செப்பனிடுகிறவள் நம் பெண். அதிலும் அவள் பொறுப்பு, கோப்புகளை ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டில் எழுதாமல் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் பகுதி. வேகமோ வேகம், ஆனால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அங்கேதான் ஒரு பிழை. கோப்புகளை அழித்து உள்ளே காலியாகக் கிடக்கும்போதும், சில மெஷின்களில் ‘இடமில்லை’ என்று அடம்பிடிக்கிறது. எப்போது வரும், ஏன் வரும், ஒருவருக்கும் தெரியவில்லை. பழி மட்டும் உங்கள் மகள் புதிதாக எழுதிச் சேர்த்ததன்மேல் விழுந்தது. அந்தப் பகுதிக்கு ஒரு பெரியவர் தலைமை. முகம் யாரும் பார்த்ததில்லை, மெயிலில் மட்டும் உறுமுவார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவள் எழுதியதை மொத்தமாக எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், மருமகள் கறுப்புத் திரையை வெறித்துக்கொண்டே இருக்கிறாள், கூப்பிட்டால் ‘ம்’ என்கிறாள் என்பதுதான். உங்களுக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் அவள் சோதனைக்கு வைத்திருக்கும் பழைய மெஷினை எனக்கு டைப் அடிக்கக் கொடுத்திருந்தாள். முக்கியமானதை அதில் வைக்காதீர்கள், அணைத்தால் போய்விடும் என்றும் சொல்லியிருந்தாள். புகாருக்கு அதைவிடத் தோதான இடம் ஏது? என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கோபத்தில் இரண்டு பக்கம் அடித்துச் சேமிப்பேன். அவள் மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து வைப்பாள். மனசு இளகி, பாதியை அழித்துச் சேமிப்பேன். போகிறபோது கதவை அவள் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால் மறுபடி ஒரு பக்கம். இப்படியே நாள் ஓடியது.

புதன்கிழமை காலையில் அந்தப் பிழை, சொல்லிவைத்தாற்போல், அதே மெஷினில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் அதை அலுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்ததும் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறாள். நானோ மின்சார அலுவலகத்தில் தலை நரைத்தவன். ஆளில்லாத அறையில் ஒன்று ஓடினால் கை சும்மா இருக்குமா? அணைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவள் சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, சம்பந்தி. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, “ஒரு மாசமா அது வராதான்னு காத்துக்கிட்டிருந்தேன் மாமா” என்றாள்.

மறுநாள் அவளே தேறிக்கொண்டு, அந்த மெஷினில் நான் என்னென்ன செய்தேன் என்று விசாரித்தாள். கடிதம் எழுதினேன் என்றேன். அதையே திரும்ப எழுதச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டாள். என்ன எழுதுவது? உங்கள் மகளின் பொறுமை, கெட்டிக்காரத்தனம், வளர்ப்பு என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்து தள்ளினேன். கடிதம் நீண்டதே தவிர, பிழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

“மாமா, நிஜமா இப்படித்தான் எழுதினீங்களா?”

எனக்கு வியர்த்துவிட்டது. “இல்லம்மா. உன்னைப் பத்தி உங்கப்பாவுக்குப் புகார் எழுதிக்கிட்டிருந்தேன்.”

“அப்ப அதையே எழுதுங்க மாமா” என்றாள்.

மருமகள் பின்னால் நின்று வாசிக்க வாசிக்க, அவளைப் பற்றியே புகார் எழுதிய மாமனார் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா? எழுதினேன், வெட்கம் பிடுங்கித் தின்ன, பாதியை அழித்துச் சேமித்தேன், மறுபடி எழுதினேன். ‘கூப்பிட்டால் ம் என்கிறாள்’ என்ற இடத்தில் அவள் “ம்” என்றாள். அடுத்த தடவை அழித்துச் சேமித்தபோது திரையில் வந்தது, ‘இடமில்லை’. அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கிய வேகத்தில் கைக்கடிகாரம் கழன்று விழுந்தது.

விஷயம் இதுதானாம். கோப்பு நீண்டால் தொல்லையில்லை. அது சுருங்குகிற அதே நொடியில், மெமரி போதாமல் கெர்னல் அதன் ஒரு துண்டை வட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தால், அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ள வேண்டியது நீயா நானா என்று, சுருக்குகிற பக்கமும் தள்ளுகிற பக்கமும் சும்மா இருந்துவிடுகின்றன. தப்பு அவள் எழுதியதில் இல்லை. அந்தப் பெரியவரே எப்போதோ எழுதிய இடத்தில். அதை அவர் மனம் கோணாமல் எவ்வளவு பதவிசாக எடுத்துச் சொன்னாள் தெரியுமா? திருத்தம் நாலே வரி. ஒரு மாதம் திரையை வெறித்ததற்கு நாலு வரிதானா என்று முன்பு என்றால் கேட்டிருப்பேன். அந்த வெறிப்புதான் வேலையே என்று இப்போது புரிகிறது. என்ன பெண், சம்பந்தி! பெரியவர் ‘சேர்த்தாயிற்று’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார். திருத்தத்தின் அடியில் அவள், ‘பிழையைக் கண்டு சொன்னவர்: என் மாமனார்’ என்று குறித்திருக்கிறாள். தபால்காரர் வரைக்கும் காட்டியாயிற்று.

அந்தக் கடிதத்தில் புகார் என்று இருந்ததை ஒரு எழுத்து விடாமல் அழித்து, மெஷினையும் அவள் அனுமதியோடு அணைத்துவிட்டேன். இனி அது உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஆகவே அதில் என்ன இருந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: இதை வாசித்துக் காட்டினேன். மருமகள் சிரிக்கிறாள். அந்தப் பிழை மறுபடி தலைகாட்டாமல் இருக்க ஒரு சோதனை வைப்பார்களாம். எந்த நாட்டில் யார் அந்தப் பகுதியில் கைவைத்தாலும் அது ஓடுமாம். அதற்கு எழுதி, அழித்து, திரும்ப எழுத ஒரு கோப்பு வேண்டுமே? அன்றைக்கு நான் அடித்ததையெல்லாம் அவளுடைய சொந்த மெஷின் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறது. என் புகாரையே வைத்துவிட்டாள், அழித்த வரிகள் உட்பட. யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். நீங்களும் படிக்க நேர்ந்தால், கடைசியாக மிஞ்சியதை மட்டும் படியுங்கள். ‘உங்கள் மகள் நலம்’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும்.