மூச்சுக்காரர் கிராப்பின் நீலத் தாள்

ஜனவரி வந்தால் அமெரிக்காவின் டுலூத் நகரில் ஏரி உறையும், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கட்டில்கள் நிறையும். அந்த வருஷம் கூடுதலாக வெண்டல் கிராப்பின் சட்டைப் பையும் நிறைந்தது.

ஆஸ்பத்திரி உணவகத்தின் மூலை மேசைதான் அவருடைய சன்னிதானம். மூச்சுக்காரர் என்று பெயர். டாக்டரைப் பார்க்க நிற்காத கூட்டம் அவர் முன்னால் நின்றது. ஐம்பது டாலருக்கு ஒரு நீலத் தாள் தருவார். அதைக் கட்டில் கம்பியில் கட்டினால் பிள்ளை நெஞ்சிலுள்ள வைரஸை உறிஞ்சி இளஞ்சிவப்பாகிவிடுமாம். சிவந்த தாளை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். வைரஸ் ஆயிற்றே, கண்ட இடத்தில் போடலாமா? இந்த வைத்தியம் டாக்டர்களுக்குத் தெரியாது. பாவம், எட்டு வருஷம்தானே படித்தார்கள்!

நோலீன் ஹோகனும் ஒன்று வாங்கினாள். அவளுடைய இரண்டு மாதக் குழந்தை ஓடிஸுக்கு ஆர்.எஸ். என்ற சளி வைரஸ் நெஞ்சில் இறங்கியிருந்தது. மூக்கில் மாட்டிய குழாய் வழியே சூடான, ஈரமான ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயை ஒட்டியே தாளைக் கட்டினாள். அரை மணியில் தாள் சிவந்தது. நோலீன் அழுதேவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு கீழே உணவகத்துக்கு ஓடினாள்.

"வைரஸ் பூரா இதுல வந்துடுச்சு, தங்கச்சி," என்றார் கிராப். "ஒரு மணி நேரத்துக்குள்ள குழாயக் கழட்டி பிள்ளைய வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க. இல்லேன்னா அது வழியா திரும்ப உள்ள போயிடும்."

இன்று நான்காவது நாள், நோய் உச்சத்தில் இருக்கும், குழாயை எடுத்தால் பிள்ளை மூச்சுவிட்டே களைத்துப்போவான் என்று நர்ஸ் காலையில்தான் எச்சரித்திருந்தாள். ஆனால் நர்ஸிடம் நீலத் தாள் இல்லையே! சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகும் படிவத்தை வாங்கி வந்து, கிராப்பின் மேசையிலேயே நோலீன் பேனாவைத் திறந்தாள்.

அப்போதுதான் அவள் கணவன் கோர்டி, பனி அள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். விஷயத்தைக் கேட்டான். தாளைத் திருப்பிப் பார்த்தான். வேட்டைத் துப்பாக்கி வைக்கும் அலமாரியில், ஈரம் ஏறினால் சிவந்து காட்டிக்கொடுக்க அவன் வைத்திருப்பதும் இதே தாள்தான். அவன் வாதம் செய்யவில்லை. சூடாக ஒரு காப்பி வாங்கி, கிராப்பின் மேசையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து ஆவியில் பிடித்தான். தாள் சிவந்தது.

"ஐயா, இந்தக் காப்பிக்கு எத்தன நாளா சளி?"

கூட்டம் சிரித்தது. காப்பி போட்டவருக்கு ஜலதோஷமாக இருக்கும் என்றார் கிராப். தொழில் தெரிந்தவர் அவ்வளவு சீக்கிரம் விழுவாரா? கோர்டி அதே தாளை ஜன்னலடியில் சூடான, காய்ந்த காற்று வரும் துவாரத்தில் காட்டினான். ஈரம் காய்ந்ததும் மறுபடியும் நீலம்.

"இப்ப வைரஸ் எங்க போச்சு? இத நாளைக்கு யாருக்கு விப்பீங்க?"

சந்தேகப்பட்ட ஒரு தாய் மேசைமேல் இருந்த புதுத் தாள்களைப் புரட்டினாள். போன வாரம் தன் மகள் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கட்டிய தாள் அதில் இருந்தது. கிராப் கோட்டைக்கூட மாட்டிக்கொள்ளாமல் பனிக்குள் ஓடினார்.

நோலீன் பேனாவை மூடினாள். "கையெழுத்துப் போட இருந்தேன், கோர்டி. நானே அவனக் கொன்னிருப்பேன்."

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். அதற்கு மூன்றாம் நாள் நர்ஸே வந்து குழாயை எடுத்தாள். ஓடிஸ் வீறிட்டு அழுதான், நல்ல மூச்சோடு.

பிள்ளையின் மூக்குக் குழாயைக் கழற்றக் கிளம்பும் பெரியவர்களே, முதலில் உங்கள் மூளைக்குப் போட்ட பூட்டைக் கழற்றுங்கள்.