வீட்டுக்கொரு வைத்தியன்

பார்நாட்டைத் தேடி யாரும் வரைபடத்தைப் புரட்ட வேண்டாம். கடலில் எங்கோ இருக்கிறது. அங்கே அரசரும் உண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. இரண்டும் ஒரே நாட்டில் எப்படி என்பதற்கு அந்நாட்டுப் பாடநூலில் விளக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பக்கம் மட்டும் அச்சில் விட்டுப்போயிற்று. கடலடியில் மீன் அடையும் பாறைத் திட்டை அங்கே பார் என்பார்கள். நாட்டுக்குப் பெயரும் சோறும் அதிலிருந்துதான் வந்தன.

தென்கரையில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாள். கைவலையோடு கடலில் முங்கி வண்ணமீன் பிடித்து, தலைநகரத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு. கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டாள். "தண்ணிக்கு என்ன வயசாச்சு?" என்றுதான் முதலில் கேட்பாள். தொட்டியில் கடல்நீர் நாற்பது நாளாவது நின்று, கல்லில் பாசி பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் தொட்டிக்கு இரண்டு மீன்தான். முந்தாநாள் வாங்கிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தளபதியையே வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அவளுடைய கவலை வேறு. இளைய மகள் செண்பகவல்லிக்கு அப்போது நாலாம் மாதம். மூத்தவள் முந்தைய வருஷம் பிரசவத்துக்குத் தலைநகரம் போகும் வழியில், படகிலேயே, வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். மனிதருக்கு வைத்தியம் பார்க்க அந்த நாட்டில் இருந்தவர் மருதப்பர் ஒருவர்தான். அவர் வீடு தலைநகரத்தில், அரண்மனைக்கு எதிர்த்தெருவில். தென்கரையிலிருந்து காற்று மனது வைத்தால் ஒரு பகல் பயணம்.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. ஊர்ச் சுவரெல்லாம் ஆளும் தரப்பு எழுதி வைத்தது: 'வீட்டுக்கொரு வைத்தியன்.' இருளாயி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வைத்தியர்னுல்ல இருக்கணும்? 'ன்' போட்டு எழுதியிருக்கீகளே."

சுவர் எழுதியவன் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மேல இருக்குறவுகளுக்கு எல்லாருமே 'ன்'தாக்கா."

அது அவளுக்கு நியாயமாகவே பட்டது. ஊரே திரண்டுபோய் ஓட்டுப் போட்டது.

வென்ற பதினோராம் நாள் அரசாணை வந்தது. வீட்டுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இலவசம். அதற்குள் ஒரு வைத்தியன். பார்நாட்டில் முங்குகிறவர்கள் ஒரு மீனுக்கு வைத்தியன் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதை அப்போதுதான் மற்றவர்கள் அறிந்தார்கள். விரல் நீளம், உடம்பில் நீலக்கோடு. பாரில் ஏதாவது ஒரு கல் முனையில் அது நின்றுகொள்ளும். பெரிய மீன்கள் அதன் முன் வரிசையாக வந்து வாயைத் திறக்கும். இது உள்ளே புகுந்து பல்லிடுக்கிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் பேன்களைத் தின்றுவிட்டு வெளியே வரும். எந்த மீனும் அதை விழுங்குவதில்லை. அரசர் இதைக் கேள்விப்பட்டு மிகவும் ரசித்தாராம். குறை சொல்லாமல் அழுக்கை மட்டும் தின்னும் இப்படிப்பட்ட குடிமக்கள்தான் நாட்டுக்குத் தேவை என்றாராம்.

மீன்வள அமைச்சர் வெற்றிமுடியார் தாமே தென்கரைக்கு வந்தார்.

"தாயே, இந்நாட்டின் நலவாழ்வு உங்கள் கைவலையில் அடங்கியிருக்கிறது."

"அய்யா, அது தனியா தொட்டியில கெடந்தா பத்து நாளுல பட்டினியா செத்துப்போகும். மத்த மீனு மேல இருக்குற பேனுதான் அதுக்குச் சோறு. தொட்டிதான் ஆசைன்னா தண்ணிய நாப்பது நாள் நிக்க வைங்க, வேற மீனு தாரேன், ரெண்டு ரெண்டா."

"நாற்பது நாளா? வாக்குறுதிகள் அத்தனை நாள் கெடாமல் இருப்பதில்லை, தாயே."

"இத எடுத்துட்டா பாருல உள்ள மீனுக்கெல்லாம் சீக்கு வந்துருமேய்யா."

"பாருக்கும் சீர்திருத்தம் தேவைப்படுகிறது" என்றார் அமைச்சர். பிறகு, செண்பகவல்லி உட்கார்ந்திருந்த பக்கம் பார்வையைத் திருப்பினார். "ஆயிரம் வைத்தியன் பிடித்துக் கொடுங்கள். உங்கள் கரைக்கென்றே ஒரு வைத்தியரை அனுப்பிவைக்கிறேன்."

"வைத்தியனா, வைத்தியரா?"

"ர்" என்றார் அமைச்சர், நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்தி. எழுதியும் கொடுத்தார். இருளாயி வாங்கிப் பார்த்தாள். 'ர்'தான் இருந்தது.

தப்பென்று தெரிந்தேதான் அவள் முங்கினாள். செத்த மகளின் முகம் கண்ணில் நிற்கும்போது பாரின் நியாயத்தை யார் பார்ப்பார்கள்? இரண்டு மாதத்தில் ஆயிரம் மீனையும் எண்ணிக் கொடுத்துவிட்டாள்.

தொட்டிக்கு வந்த மீன்கள் அவள் சொன்னபடியே பத்தாம் நாளிலிருந்து சாகத் தொடங்கின. உடனே இரண்டாம் ஆணை பிறந்தது. இறந்த வைத்தியனை இறந்ததாகச் சொல்லக் கூடாது, பணிநிறைவு பெற்றதாகவே சொல்ல வேண்டும். காலியிடத்துக்கு மாற்று வைத்தியன் வழங்கப்படும். மாற்று வைத்தியனுக்கு விடியுமுன்பே வரிசை நின்றது. அடுத்த வீட்டில் இரண்டு இருந்தால் இந்த வீட்டுக்கு மூன்று வேண்டியிருந்தது. கல்யாணச் சீர்வரிசையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஐந்து வைத்தியன் வைக்காத பெண் வீட்டாரைச் சம்பந்திகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேவை பெருகியதும் முங்கத் தெரியாதவர்களெல்லாம் பாருக்குப் போனார்கள். அவர்கள் தண்ணீரில் மருந்தைத் தெளித்து, மயங்கி மிதந்ததில் நீலக்கோடு உள்ளதைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு வந்தார்கள்.

ஒருநாள் இருளாயி முங்கிப் பார்த்தபோது, உடம்பெல்லாம் புண்ணாகிப்போன பெரிய மீன்கள் வெறும் கல்லுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அதற்குமேல் அவளால் அங்கே இருக்க முடியவில்லை. அடுத்த மாதம் அவையும் இல்லை. சோற்றுக்கு மீன் பிடிப்பவர்களின் வலை வெறுமையாக வந்தது. வலைக்கண் பெரிதாக இருப்பதே காரணம் என்று அரசு கண்டறிந்து, கொசுவலை அளவுக்குக் குறைக்க ஆணையிட்டது. இதனால் குஞ்சுகளும் போயின. கடலில் மீனே இல்லை என்று ஓலம் எழுந்தபோது வெற்றிமுடியார் அவையில் பொறுமையாக விளக்கினார்: தொட்டியில் இருப்பதும் கடல்நீரே, ஆகவே தொட்டியும் கடலே, ஆகவே மீன் எங்கும் போய்விடவில்லை.

செண்பகவல்லிக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியது. வைத்தியர் வரவில்லை. இருளாயி மூன்று மனு போட்டாள். மூன்றாவது மனுவுக்குப் பதிலாக ஓர் ஆணையே வந்தது. நாட்டுக்கு ஆற்றிய தொண்டைப் போற்றி, வைத்தியன் என்னும் மீன் இன்று முதல் 'வைத்தியர்' என்று மரியாதையுடன் அழைக்கப்படும்.

மறுநாள் காலையில் அரசுப் படகு கரை தட்டியது. அதிகாரி ஒருவர் மாலை போட்ட தொட்டியோடு இறங்கினார். உள்ளே ஒரு மீன் சோர்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒப்புக்கொண்டபடி வைத்தியர், ஒருவர். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடுங்கள்."

உள்ளே செண்பகவல்லிக்கு வலி எடுத்திருந்தது, இருளாயிக்குத் திட்டுவதற்கு நேரமில்லை. மகளைத் தாங்கிக்கொண்டு வந்து படகில் ஏற்றினாள்.

"இது வைத்தியர் பயணிக்கும் படகு" என்றார் அதிகாரி. "நோயாளி ஏறுவதற்கு விதி இல்லை."

"வைத்தியர்தான் எறங்கிட்டாருல்ல. படகு சும்மாத்தான திரும்புது?"

அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே படகு கிளம்பிவிட்டது.

காற்று மனது வைத்தது. சாயங்காலத்துக்குள் தலைநகரம் சேர்ந்தார்கள். மருதப்பர் வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கொரு வைத்தியர் வந்துவிட்டபடியால் மனித வைத்தியர் பதவி தேவையற்றது என்று நீக்கப்பட்டு, அவர் தொட்டி வைத்தியர்களுக்கு வைத்தியம் பார்க்க அமர்த்தப்பட்டிருந்தார். வெற்றிமுடியார் வீட்டு முன்கூடத்தில் கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு நின்றவரைக் கண்டுபிடித்தார்கள்.

"என்னம்மா செய்யச் சொல்றீங்க?" என்றார் மருதப்பர் தலையைக் குனிந்துகொண்டு. "செவுள் இல்லாதவங்களைத் தொட்டா எனக்கு வேலையும் போகும், சிறையும் உண்டு. வைத்தியம் பாத்ததை எல்லாம் இந்தப் பதிவேட்டுல எழுதியாகணும். இதுல மீனுக்கு மட்டும்தான் எடம்."

இருளாயி பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப மீனுன்னு எழுதுங்க."

மருதப்பர் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். இனம்: மீன். நிறம்: மாநிறம். கிடைத்த இடம்: தென்கரை. எழுதி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அமைச்சர் வீட்டு முன்கூடத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். அவர் அடுத்த வரியில் 'குஞ்சு, ஒன்று' என்று எழுதியபோது இருளாயி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த மாதக் கடைசியில் வெற்றிமுடியார் அவையில் எழுந்து, தொடர்ந்து குறைந்துவந்த நாட்டின் மீன்வளம் இம்முறை இரண்டு கூடியிருப்பதை அறிவித்தார். கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

செய்தி எப்படியோ கசிந்தது. மறுநாள் காலை தங்களை மீன் என்று எழுதிக்கொள்ள வந்தவர்களின் வரிசை மருதப்பர் வாசலில் தொடங்கித் துறைமுகம் வரை நீண்டது. இருமல்காரர், கண்ணில் புரை விழுந்தவர், சூல்கொண்ட பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்த எழுத்தர், எழுதிக்கொண்டவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து அப்போதைக்கப்போதே அடித்துக்கொண்டிருந்தார். மீனுக்கு ஓட்டு இல்லை.

"நீங்க எழுதிக்கலையாக்கா?" என்று வரிசையில் நின்ற ஒருத்தி, மகள் உடம்பு தேறட்டும் என்று தலைநகரத்திலேயே தங்கியிருந்த இருளாயியைக் கேட்டாள்.

"வேணாம்" என்றாள் இருளாயி, பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு. "அடுத்த தேர்தலுக்கு ஓட்டுப் போட ஒரு ஆளாச்சும் இருக்கணும்ல."

கேட்டவள் கொஞ்சம் யோசித்தாள். அதற்குள் வரிசை நகரவே, இடம் போய்விடும் என்று முன்னால் போனாள்.