ரெண்டும் ஒண்ணுதான், ஆனா

ஒரு கை தீக்குச்சியின் மருந்து முனையை ஒடித்துப் போடுகிறது. இன்னொரு கை அந்தக் குச்சியை மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கும் அதன் மூடிக்கும் நடுவில் செருகி, நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறது. சட்டைப் பை டவுன் பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்குகிறது. அங்கே அதேபோல் இன்னொரு வண்டி. அதே இடுக்கில் அதே குச்சி.

இந்த மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் இனம். ஒரே தறியில் நெய்து ஒரே மடிப்பில் வந்த இரண்டு வேட்டிகளைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். ஒரே கல்லில் வார்த்த இரண்டு தோசைகளில் எதை முதலில் பிய்ப்பது என்று யோசித்து இரண்டையும் ஆறவிடுவார். வாங்க மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். இந்த இனத்துக்கென்று ஒரு வாக்கியம் உண்டு: "ரெண்டும் ஒண்ணுதான், ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு எது வேண்டுமானாலும் வரலாம். முடிவு மட்டும் வராது.

நம்மவர் பெயர் வீரமலை. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். மண்டியில் ஒரு தாரைத் தூரத்திலிருந்து பார்த்தே விலை சொல்லிவிடுவார். அது பிழைப்பு. ஒப்பிடுவது விரதம்.

விரதத்துக்குக் காரணம் ஒரு பிள்ளையின் காது. மருங்காபுரியில் வாழ்க்கைப்பட்ட தங்கை ராசாத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ராசாத்திக்கு உடன்பிறந்தவர் இவர் ஒருவரே. "மாமன் மோட்டார் சைக்கிள்லதான் வந்து இறங்குவேன்" என்று அறுபதாம் வருஷம் தை மாதத்தில் சபையில் சொன்னார். இப்போது அறுபத்து மூன்று வைகாசி. மருதை என்று பெயரிட்ட அந்தப் பிள்ளையை ஊரில் 'மொட்டைக்காது' என்றால்தான் தெரிகிறது.

போன வாரம் கடிதம் வந்தது. "அண்ணே, வைகாசி பன்னண்டு தப்பினா ஒண்ணுவிட்ட மாமன் யார் மடியிலயாவது வச்சுக் குத்திருவாங்களாம். அப்புறம் எனக்குப் பொறந்த வீடு இருக்குன்னு எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?"

மருங்காபுரி நாற்பது மைல். அதற்குத் தகுந்த நெடுந்தூர வண்டிகள் இரண்டு விலைக்கு இருக்கின்றன. பாலக்கரை மெக்கானிக் நசுருதீனிடம் இருப்பது ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. ஸ்ரீரங்கம் ரங்கநாயகி அம்மாள் வீட்டில் நிற்பது ஐம்பத்தொன்பது. ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், ஒரே பச்சை. புதியதில் டேங்கின் தங்கக் கோடு ஒரு நூல் தடிமன் கூட. இந்த ஒரு நூல்தான் நம்மவரை மூன்று வருஷமாகக் கட்டிப்போட்டிருக்கிறது.

"எங்காத்துக்காரர் டில்லிக்கு மாத்தலாகி மூணு வருஷமாச்சு" என்றார் ரங்கநாயகி. "இந்த வண்டி வித்தாத்தான் நான் ரயிலேற முடியும். வாங்கிக்கறதுன்னா வாங்கிக்கோங்கோ. இல்லேன்னா தினம் வந்து தீப்பெட்டி கேக்கறதையாவது விடுங்கோ."

வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது நியாயமாகாது என்று நம்மவர் நசுருதீனைக் கெஞ்சி இரண்டு சீட்டையும் மாற்றிப் போடச் சொன்னார். சீட்டு மாறியபின் டேங்க் மாறினால்தான் சரியாக இருக்கும் என்று பட்டது. டேங்க் மாறியபின் சக்கரங்கள். சக்கரங்களுக்குப் பின் ஹாண்டில் பார்.

"அண்ணே, இப்ப எது எந்த வண்டின்னு எனக்கே தெரியலை" என்றார் நசுருதீன்.

"அதனாலென்ன பாய்? முதப் பக்கத்துலேருந்து ஆரம்பிப்போம்" என்று நம்மவர் அளவுகள் குறிக்கப் புது நோட்டு ஒன்றைப் பிரித்தார்.

வைகாசி பதினொன்று வந்துவிட்டது. மனைவி பொன்னுத்தாய் அவரை உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். பூ போட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், பாலக்கரை. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஸ்ரீரங்கம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அது அம்மன் உத்தரவு. பொன்னுத்தாய் வீட்டிலேயே மடித்து எடுத்து வந்திருந்தாள்.

நம்மவர் கண்ணை மூடவில்லை. இரண்டு பொட்டலங்களையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான், ஆனா இதுல ஒரு மடிப்புக் கூட இருக்கு."

"சாமி முன்னாடியுமா?" என்றாள் பொன்னுத்தாய்.

"சாமிக்கும் ஒரு நியாயம் வேணும்ல?"

பொன்னுத்தாய் இரண்டையும் பிடுங்கிப் பிரித்துக் காட்டினாள். பூவே இல்லை. இரண்டிலும் ஒரே மாதிரி ஒரு சீட்டு: 'காலை ஆறு மணி பஸ்.'

நம்மவர் வெகுநேரம் பார்த்தார். "கையெழுத்து இதுல கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றார்.

"சாஞ்ச பஸ்ஸுலயே போவோம், வாங்க."

மறுநாள் மருங்காபுரியில் பஸ்ஸிலிருந்து இறங்கினார். மோட்டார் சைக்கிள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமன் வந்ததே பெரிது. மொட்டைக்காது மடியில் ஏறி உட்கார்ந்தான். ஆசாரி நீட்டிய இரண்டு கடுக்கன்களை நம்மவர் கையில் வாங்கினார். கண் சுருங்கியது. உதடு பிரிந்தது.

"ரெண்டும் ஒண்ணு..."

"அண்ணே" என்றாள் ராசாத்தி.

அவ்வளவுதான். கடுக்கன்கள் ஆசாரியிடம் திரும்பின. குத்தி முடிந்தது. பையன் அழுது ஓய்ந்து, அம்மாவின் கைக்கண்ணாடியை வாங்கி இடது காதைப் பார்த்தான், வலது காதைப் பார்த்தான், மறுபடி இடது காதைப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா" என்றான். "ஆனா, இது கொஞ்சம் மேல இருக்கு."

நம்மவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வம்சம் அற்றுப்போகவில்லை.

ஊர் திரும்பியதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் முடிவு எழுதினார்: 'இரண்டும் ஒன்றே.' வண்டிகள் இரண்டும் இன்னும் நிற்கின்றன, ரங்கநாயகி அம்மாளும் ரயிலேறவில்லை. ஆனால் வேலை முடிந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நல்ல மனிதர், பிறருக்கும் பயன்படட்டும் என்று எழுத்துப் பிசகாமல் ஒரு நகலும் எடுத்து, இரண்டு நோட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்று போதும். மற்றது உங்களுக்கு.

இந்தாருங்கள், பிடியுங்கள். ஏன் கை நீளவில்லை? இன்னொன்றையும் கொஞ்சம் காட்டச் சொல்கிறீர்களா?