பாதி போதும்

"இந்தக் கஞ்சன் வேசம் எனக்கு வாணாம்மா" என்று ஜெபசிங் சொன்னபோது கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஐந்தே நாள் பாக்கி இருந்தது.

மார்கரெட் கண்ணாடியை மணிக்கட்டால் மேலே தள்ளினாள். "ஏண்ணா, நேத்துவரிக்கும் நல்லாத்தான பேசிகினு இருந்த?"

"ஜனவரில சர்ச் கமிட்டி எலக்சன் கீது. கஞ்சன்னு பேரு வந்துச்சுன்னா எவன் ஓட்டுப் போடுவான்?"

"கடைசி சீன்ல அவன் திருந்திட்றாண்ணா."

"அதுக்குள்ள ஜனங்க பிரியாணிப் பொட்டலத்துக்கு லைன்ல போய் நின்னுடும். அவங்க கண்ணுல நான் திருந்தாதவனாவே இருப்பேன்."

சொல்லிவிட்டு ஒட்டுத்தாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சதுரங்கப்பட்டினம் போகும் சாலையோரத்தில் இருந்த அந்தக் காலனியில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் மார்கரெட். அதனால் விண்ணப்பம் எழுதுவது, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, கிறிஸ்துமஸ் நாடகம் எழுதுவது எல்லாமே அவள் தலையில்தான் விழும். இந்த வருட நாடகத்தை மட்டும் அவள் காலனிக்காக எழுதவில்லை. முன்வரிசையில் உட்காரப்போகிற ஒரே ஒரு ஆளுக்காக எழுதினாள். அவள் அப்பா மோசஸுக்காக.

மோசஸ் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் தோட்ட வேலை பார்த்தார். தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிக் குளிப்பார். பற்பசைக் குழாயின் வயிற்றைக் கிழித்து உள்ளே வழிப்பார். அதையெல்லாம் அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். மன்னிக்க முடியாதது பேச்சில் அவர் பிடித்த கஞ்சத்தனம். செங்கல்பட்டுக்கு மூன்று வருடம் பஸ் ஏறிப் போய்ப் படித்து, பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டபோது, "நா வந்து இன்னா பண்ணப்போறேன், நீ போய்ட்டு வா" என்றார். பட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். ஆனால் வாங்கவில்லை. "பத்திரமா வை" என்றார். மூன்று வருடப் படிப்புக்கு இரண்டு வார்த்தை.

இப்போது அவள் மாமல்லபுரத்தில் ஒரு கற்சிலைக் கடையில் கடிதங்கள் டைப் அடிக்கிறாள். தினமும் சாயங்காலம் வீடு திரும்பியதும், செருப்பைக் கழற்றாமல், தோளில் பையோடு வாசற்படியில் ஒரு நிமிடம் நிற்பாள். இன்றைக்காவது "இன்னாம்மா, வேலையெல்லாம் எப்டி" என்று கேட்பாரா என்று. அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். அவள் உள்ளே போய்விடுவாள்.

இந்த மனுஷனை ஒரு நாடகம் திருத்தாதா? எத்தனையோ கிறிஸ்துமஸ் கதைகளில் கஞ்சன்கள் ஒரே நாளில் திருந்தியிருக்கிறார்கள்.

ஒத்திகை சர்ச்சுக்கு எதிரே தெய்வநாயகியின் டீக்கடையில் நடந்தது. தெய்வநாயகி வேறு சாமி கும்பிடுகிறவள். ஆனாலும் வருடா வருடம் நாடகத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி பிடிப்பாள்.

"அக்கா, ஆறு பேருக்கு மூணு டீ. பாதி போதும்."

"ஏம்மா மார்கரெட்டு, நாடகத்துக்குத்தான் கஞ்சன். டீயாவது முழுசா குடிக்கட்டுமே."

"முழுசா குடிச்சா வசனம் வராதுக்கா. ஏப்பம்தான் வரும்."

மார்கரெட் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்: 'கஞ்சன் – ஆள் தேவை.' இதைச் சிலர் தவறாக நினைக்கக்கூடும். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. அந்த வித்தியாசத்தைப் பற்றி அவளால் ஒரு கட்டுரையே எழுத முடியும், தாளின் இரண்டு பக்கமும்.

ஆள் கிடைக்கவில்லை. ஒருவருக்குப் பையனுக்குப் பெண் பார்க்கிற நேரம். இன்னொருவர், "எங்க வூட்ல ஏற்கெனவே அதான் சொல்லிகினு கீறா, நீ வேற மேடையேத்தாத" என்றார். கடைசியில் பாஸ்டர்தான் வழி சொன்னார்.

"உங்கப்பாவையே போட்டுடும்மா."

மார்கரெட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேடையில் ஏறிவிட்டால் அவர் நாடகத்தைப் பார்ப்பது எப்படி, பார்த்துத் திருந்துவது எப்படி? ஆனால் வீட்டுக்கு நடக்கிற வழியில் வேறொன்று தோன்றியது. திருந்தாவிட்டால் போகிறது. எழுதிக்கொடுத்ததை அவர் பேசித்தானே ஆகவேண்டும். அங்கேயே ஒரு வேலியோரம் நின்று, பையிலிருந்து இன்னொரு பஸ் டிக்கெட்டை எடுத்து, கடைசிக் காட்சிக்கு ஒரு வரி சேர்த்தாள்: 'மகளே, நீ படிச்சது எனக்குப் பெருமை.'

நடிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஊர் முன்னால் அவர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.

"நைனா, கஞ்சன் வேசம் கட்டறியா?"

மோசஸ் ரேடியோவைக் குறைத்தார். "எவ்ளோ பேசணும்?"

"நாலு பக்கம்."

"நாலு வார்த்தையா குடேன்."

"நாலு பக்கம் நைனா."

ரேடியோவை அணைத்தார். "சரி."

மறுநாள்தான் சிக்கல் அவளுக்கு உறைத்தது. மோசஸ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நாலு பக்கம் படித்து முடிப்பதற்குள் ஈஸ்டரே வந்துவிடும். மார்கரெட் யோசித்தாள். தெய்வநாயகியின் டேப் ரெக்கார்டரில், ஒரு பழைய ஐயப்பன் பாட்டு கேசட்டின் மேலேயே, அப்பாவின் வசனம் முழுவதையும் தன் குரலில் பதிவு செய்தாள். புது கேசட் வாங்குவது வீண். மோசஸ் விடிந்ததும் வேலைக்குப் போகிற வழியில் கடையில் உட்கார்ந்து கேட்டார்.

மூன்றாம் நாள் ஒத்திகையில் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

"என் சொத்தை எவருக்கும் தரமாட்டேன். இங்க நிறுத்து நைனா. மூச்சு வுட்டுட்டு அடுத்தது சொல்லு. ஏழைகளுக்கு நான் ஏன் இரங்கவேண்டும். அக்கா, பாதி போதும்க்கா. நான் பாவி, நான் மனந்திரும்பினேன். சரணம்."

பாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது இன்னாங்க மோசஸு, கடைசில சரணம்?"

"கேசட்ல இருந்துச்சுங்க."

"சரி, நம்ம பாட்லயும் சரணம் கீதுதான்" என்று பாஸ்டர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மார்கரெட்டுக்கு அழுகை வந்தது. "நைனா, வசனத்த மட்டும் சொல்லு. நான் உனக்குச் சொன்னதெல்லாம் வாணாம்."

"எது வசனம், எது எனக்குச் சொன்னதுன்னு எப்டிம்மா தெரியும்? எல்லாத்தையும் நீ ஒரே மாதிரிதான பேசற."

அவள் இரண்டு மணி நேரம் பிரித்துப் பிரித்துச் சொன்னாள். அதன் பலனாக, ஏற்கெனவே தெரிந்திருந்ததும் அவருக்கு மறந்துபோனது. வேறு வழியில்லாமல், திரைக்குப் பின்னால் நின்று தானே எடுத்துக்கொடுப்பதாகச் சொன்னாள். மோசஸ் தலையாட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒரு கண்ணாடி கெடைக்குமா?" என்றார்.

"ஒனக்குத்தான் கண்ணு நல்லாக் கீதே."

"வேசத்துக்கு. அப்பறம், தோள்ல மாட்ற பை ஒண்ணு."

"கஞ்சனுக்கு இன்னாத்துக்கு நைனா தோள்பை?"

"வேசத்துக்கும்மா."

ஜெபசிங்கின் கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள். பைக்கு எங்கேயும் அலையவில்லை, தன்னுடைய பழைய காலேஜ் பையையே கொடுத்தாள். அவர் அதன் வாரைத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு சர்ச் வாசலில் காலனியே கூடிவிட்டது. சீரியல் லைட்டும் நட்சத்திரமும் எரிந்தன. மேடையின் பின்திரை இரண்டு பெட்ஷீட். அதன் இடுக்கில் வசனத் தாளோடு மார்கரெட் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவளுக்கு அது பழக்கப்பட்ட முதுகு.

மோசஸ் பையை மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியில் செய்த வாசலுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். நகரவில்லை. பேசவில்லை.

"என் சொத்தை" என்று மார்கரெட் கிசுகிசுத்தாள்.

அவர் காதில் வாங்கவில்லை. சனம் கப்சிப்பென்று இருந்தது. ஒரு முழு நிமிடம் கழித்து மெல்ல உள்ளே நடந்தார். மார்கரெட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து அவர் வலது கை முகத்தருகே போய் வந்தது. அவ்வளவுதான். கூட்டம் குபீரென்று சிரித்தது. இன்னும் ஒரு வசனம்கூடப் பேசவில்லையே என்று மார்கரெட் தாளைப் புரட்டினாள். தாடி கழன்றுவிட்டதா? அவர் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார், குனிந்து எதையோ செய்தார். முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பிஸ்கட்டைப் பிட்டுக் காகிதத்தில் மடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நாடகத்தில் பிஸ்கட் கடைசிக் காட்சியில்தான் வரவேண்டும்.

"பாதி போதும்" என்றார் மோசஸ்.

கூட்டம் தரையில் தட்டிச் சிரித்தது. மார்கரெட் தலையில் அடித்துக்கொண்டாள். போச்சு. கேசட்டு.

அதன் பிறகு அவள் எடுத்துக்கொடுத்ததில் ஒன்று பேசினார், இரண்டு விட்டார். எப்படியோ கடைசிக் காட்சி வந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான். மகள் வேடம் போட்ட சிறுமி வந்து எதிரே நின்றாள். மோசஸ் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பிஸ்கட் பொட்டலத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தார்.

"மகளே, நீ படிச்சது எனக்குப் பெருமை" என்று மார்கரெட் கிசுகிசுத்தாள்.

அவர் வாய் திறக்கவில்லை.

"மகளே, நீ படிச்சது எனக்குப் பெருமை." இந்தத் தடவை முன்வரிசைக்கே கேட்டிருக்கும்.

முதுகு அசையவில்லை. மூன்றாவது தடவை அவள் குரல் கடைசி வரிசை தாண்டி, ரோட்டில் போன பஸ்வரைக்கும் போனது. "நீ படிச்சது எனக்குப் பெருமை, நைனா, சொல்லு."

மோசஸ் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "காது கேக்குதும்மா."

சிரிப்பும் கைதட்டலும் அடங்குவதற்குள் யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

மார்கரெட் வசனத் தாளை நாலாய் மடித்தாள். பின்பக்கம் காலியாக இருந்ததால் கிழிக்க மனம் வரவில்லை. ரோட்டைக் கடந்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எதிரே மோசஸைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று கையைக் குலுக்கிக்கொண்டிருந்தது. ஜெபசிங் அவரைக் கட்டிப்பிடித்து, கமிட்டிக்கு நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சிரித்ததால் வந்த கண்ணீர் என்று மார்கரெட் நினைத்தாள். சுடச்சுட ஒரு முழு கிளாஸ் அவள் முன்னால் வந்தது.

"பாதி போதும்க்கா" என்றாள் மார்கரெட்.

தெய்வநாயகி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, இதுக்குத்தாம்மா ஊரே அப்டிச் சிரிச்சுச்சு."

"தெரியும்க்கா. எம் மானத்த வாங்கிட்டாரு. எல்லாம் அந்தக் கேசட்டால வந்தது. அதுல கீறத அப்டியே ஒப்பிச்சிட்டாரு."

தெய்வநாயகி சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"கேசட்ல கொரலுதானம்மா கீது. கண்ணாடிய மணிக்கட்டால தள்றது, பஸ் டிக்கெட்டு பின்னால பொடிப்பொடியா எழுதறது, பைய மாட்டிகினு வாசப்படியில நின்னு யாராச்சும் ஒரு வார்த்த கேப்பாங்களான்னு பாத்துட்டு உள்ள போறது, இதெல்லாம் எந்தக் கேசட்ல இருந்துச்சு?"