தனியாகப் போனால் பாதிப் படிகூட இல்லை

எதிரியிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது போர்க்கலையில் அரிச்சுவடி. மேஜர் அதை வீட்டில் கடைப்பிடித்தார். வெளிநாட்டு ராணுவக் கல்லூரியில் ஓராண்டு ஸ்டாஃப் பயிற்சி என்று உத்தரவு வந்த அன்றே, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மனைவியிடம் போய் நின்றார்.

"குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகக் கூடாதாம். கண்டிப்பா சொல்லிட்டாங்க."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. மேஜர் கண்ட கனவு அது. ஒரு வருஷம் மாமியார் குரல் கேட்காத அறை. படிக்கப் போனால் சம்பளத்துக்கு மேல் படி தருவார்கள். அதில் மிச்சம் பிடித்து, பறவைகளைப் படமெடுக்க முழ நீள லென்ஸ் வைத்த கேமரா. ஒரு பட்டாளத்தையே ஒற்றைச் சொல்லில் நிற்கவைக்கிற மனுஷன், வீட்டில் டிவி ரிமோட்டைக் கேட்டு வாங்கத் தைரியமில்லாமல் குடித்தனம் நடத்தியவர். பாவம், ஆசைப்பட்டதில் தப்பே இல்லை.

மனைவி அழவில்லை. "ஐயோ, தனியா கஷ்டப்படுவீங்களே" என்று மட்டும் சொன்னாள். மேஜருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்த வாரம் கணக்கு அலுவலகத்தில் தலையில் இடி விழுந்தது.

"தனியாப் போனா ஆபீசர் மெஸ்லதான் தங்கணும் சார். ரூம், சாப்பாடு எல்லாம் அவங்களே தர்றாங்க. அதனால உங்களுக்குக் கைச்செலவுப் படி மட்டும்தான்" என்றார் கணக்கு அதிகாரி. "குடும்பத்தோட போனா முழுப் படி. வாடகை தனி. குளிர் உடுப்புக்குத் தனி."

"கைச்செலவுப் படியில ஒரு நல்ல கேமரா வருமா?"

"கேமரா மூடி வரும் சார்."

மேஜர் பின்வாங்கினார். மாலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"உனக்காக ஜெனரல்கிட்டயே போய்ச் சண்டை போட்டேன். குடும்பத்தைக் கூட்டிட்டுப் போங்கன்னு இறங்கி வந்துட்டார்!"

"எனக்காகவா? எப்பங்க?"

"இன்னிக்குக் காலைல. மேஜையைத் தட்டிப் பேசினேன். அவரும் பதிலுக்குக் கத்தினார்."

"எப்படிங்க கத்தினார்? நேத்தே பல்லைப் பிடுங்கிட்டு வாயைத் திறக்க முடியாம வீட்டுல படுத்திருக்காரே! நான் இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

மேஜருக்கும் வாய் திறக்கவில்லை.

"உத்தரவு உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அவர் சம்சாரம் எனக்குச் சொல்லிட்டாங்க, குடும்பம் வரலாம்னு. நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாக்கலாம்னுதான் சும்மா இருந்தேன்."

"சரிம்மா... வர்றியா?"

"வர்றேன். முழுப் படியும் என் கையில."

"அந்தக் கேமரா..."

"பாக்கலாமே. கடை ஜன்னல்ல வச்சிருப்பாங்க."

போகட்டும், மாமியாராவது இங்கேயே இருப்பார் என்று மேஜர் மனதைத் தேற்றிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட புத்தம்புதுக் கம்பளிக் கோட்டில் மாமியார் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, அந்தக் குளிர் உடுப்புப் படி எப்ப வருது? கடைக்காரன் கேக்குறான்."