பூவாத்தாள் ரோட்டைக் கடந்த கதை

ஒரு காட்டில், அதுவும் பேரூராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஒரு காட்டில், பூவாத்தாள் என்றொரு கௌதாரி வாழ்ந்து வந்தாள். தரம் உயர்ந்ததும் காட்டுக்கு முதலில் வந்தது ஒரு தார்ரோடு. ரோடு வந்த மறுவாரமே காட்டுப்பன்றிகள் எல்லாம் பைக் வாங்கிவிட்டன. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பது பன்றிகளுக்கே தெரியாது. ஆனால் போகிற வேகத்தைப் பார்த்தால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் தோன்றும்.

பூவாத்தாளின் புதர் ரோட்டுக்கு மேற்கே. குளமும் கரையான் புற்றும் கிழக்கே. கௌதாரிக் குஞ்சுகளுக்குக் கரையான்தான் சோறு. தினமும் காலையில் குஞ்சுகளை வரிசையாக நிறுத்தி, "ஓடுங்க கண்ணுகளா, திரும்பிப் பாக்காம ஓடுங்க" என்று கடக்க வைப்பாள். பொரித்தபோது ஏழு குஞ்சுகள். இப்போது ஐந்து. அந்த இரண்டைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் காலையில் எண்ணும்போது மட்டும் ஐந்தோடு நிறுத்த அவளுக்கு வாய் வராது.

இப்படி இருக்கையில், ஒருநாள் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று காட்டைச் சுற்றி வந்தது. "நடப்போர் மற்றும் மிதிவண்டி ஓட்டுவோருக்கான உலகத்தரப் பாதை! பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்! அனைவரும் வாரீர்!"

பூவாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் புதர் முள்ளம்பன்றி ரங்கசாமியிடம் ஓடினாள். ரங்கசாமி காட்டிலேயே சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள். சைக்கிள் ஓட்டிய நேரத்தைவிட, ஹாரன் சத்தம் கேட்டுச் சைக்கிளோடு முட்புதரில் குதித்த நேரம்தான் அவருக்கு அதிகம்.

"அண்ணே, நம்மளையும் மனுசனா மதிச்சுக் கூப்பிடறாங்க!"

"நம்ம மிருகம்தானே பூவாத்தா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணே. வாங்க போலாம்."

கூட்டம் நடந்த மண்டபம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரோட்டைக் கடப்பது எப்படி என்று பேசப்போகும் கூட்டத்துக்கு ரோட்டைக் கடந்துதான் போகவேண்டும் என்பதில் அதிகாரிகள் யாருக்கும் உறுத்தலே இல்லை. பூவாத்தாள் குஞ்சுகளோடு அரைமணி நேரம் ஓரத்தில் நின்று, ஒரு பன்றி செல்போனில் பேசுவதற்காக வண்டியை நிறுத்திய நேரம் பார்த்து ஓடினாள்.

வாசலில் ஒரு பெரிய நோட்டு. "வருகைப் பதிவு. கால்தடம் வச்சுட்டு போண்டா வாங்கிக்கோங்க" என்றது ஓர் அணில். பூவாத்தாள் கால்தடம் வைத்தாள். குஞ்சுகள் ஆசைப்பட்டு அவையும் வைத்தன. ஆளுக்கொரு போண்டா கிடைத்தது. நோட்டில் கால்தடங்களுக்கு மேலே அரைப்பக்கம் காலியாக விட்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மேடையில் செயல் அலுவலர் நரி வணக்கம் சொன்னார். "உங்க கருத்துதான் எங்களுக்கு முக்கியம். நீங்க சிரமப்படக் கூடாதுன்னு கருத்தை நாங்களே அச்சடிச்சு வச்சிருக்கோம். டிக் அடிச்சாப் போதும்."

படிவத்தில் இரண்டே கேள்விகள். பாதையின் நிறம்: பச்சையா, கரும்பச்சையா? பாதைத் திட்டம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, மிகவும் பிடித்திருக்கிறதா? அவ்வளவுதான். நிறம் பற்றி மான்களுக்கும் முயல்களுக்கும் முக்கால் மணி நேரம் கைகலப்பு நடந்தது. நரி அதைக் குறிப்பேட்டில், 'மக்கள் ஆர்வத்துடன் பங்கேற்பு' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஆலோசகர் குரங்கு வந்தார். பட்டணத்து மிருகக்காட்சி சாலையில் இருந்து படித்தவர். திரையில் படம் போட்டார். பளபளவென்று ஒரு பாதை. அதில் ஒரு கங்காருவும் இரண்டு பென்குயின்களும் சிரித்துக்கொண்டே நடந்து போனார்கள். "இவங்கல்லாம் எந்தத் தெரு?" என்று ரங்கசாமி கேட்டார். குரங்கு அடுத்த படத்தைப் போட்டார்.

பூவாத்தாள் எழுந்தாள். "சார், இந்தப் பாதை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?"

"குளத்துல ஆரம்பிச்சு, குளத்தைச் சுத்தி, குளத்துலயே முடியுதும்மா."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க பாதைக்கு எப்படி வர்றது?"

"வண்டியில வாங்க. நூறு பைக் நிறுத்த இடம் விட்டிருக்கோம்."

"வண்டி இல்லாதவங்க?"

குரங்குக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வண்டி இல்லாதவங்க எதுக்கும்மா வாக்கிங் வரப்போறாங்க?"

ரங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "ரோட்டுல நாலு வெள்ளைக்கோடு போட்டு, பன்றிகளை நின்னு போகச் சொன்னாப் போதும் சார்."

நரி கோப்பைப் புரட்டினார். "கணக்கெடுத்தாச்சு. ரோட்டை நடந்து கடக்கறவங்க நாளைக்கு ஒன்பது பேர்தான். அதுல ஆறு, இந்தம்மா குடும்பம்."

"மத்தவங்க பயந்துக்கிட்டு வர்றதில்ல சார்!"

"வராதவங்களை எப்படிப்பா எண்றது?" என்ற நரி, பூவாத்தாளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "ஏம்மா, நீ பறவைதானே? பறந்து போயேன்."

"நான் பறந்துருவேன் சார். இதுங்களுக்கு இன்னும் இறக்கை முளைக்கல."

"முளைக்கட்டுமே. அரசாங்கத் திட்டம்னா கொஞ்சம் பொறுமை வேணும்."

பூவாத்தாள் மீதிப் போண்டாவை அப்படியே வைத்துவிட்டுக் குஞ்சுகளோடு கிளம்பினாள்.

மறுநாள் மண்டபத்துப் பலகையில் தீர்மானம் ஒட்டியிருந்தது. 'இத்திட்டத்தை உளமார வரவேற்று, ஒருமனதாக ஏற்கிறோம்.' கீழே எல்லாருடைய கால்தடங்களும். அவற்றில் ஐந்து மிகச் சின்னவை. பூவாத்தாளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பக்கத்திலேயே திறப்பு விழா அழைப்பிதழும் ஒட்டியிருந்தது. அது கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அச்சாகியிருந்தது.

மேலிடத்துப் புலியார் தேதி கொடுத்துவிட்டதால் பாதை நான்கே நாளில் முடிந்தது. ஐந்தாம் நாள் திறப்பு விழா.

அன்று காலை பூவாத்தாள் வழக்கம்போல் குஞ்சுகளை வரிசையில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தாள். இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் பன்றிகள் பைக்கை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றன. ரோடு கழுவிவிட்டிருந்தது. ஓரத்தில் கோலப்பொடிகூடத் தூவியிருந்தது.

"புலியார் வர்ற வரைக்கும் ஒரு வண்டி நகரக் கூடாது!" என்று ஒரு காவல்நாய் கத்திக்கொண்டிருந்தது. நடந்து போகிறவர்களை அது கண்டுகொள்ளவே இல்லை.

பூவாத்தாள் குஞ்சுகளோடு ரோட்டில் இறங்கினாள். நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். நடுரோட்டில் கடைக்குட்டி உட்கார்ந்து, ரோட்டை இரண்டாகப் பிரிக்கும் வெள்ளைக் கோட்டைக் கொத்திப் பார்த்தது. அவள் அதட்டவில்லை. அது எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். ஏழும் இருந்திருந்தால் ஏழும் இப்படி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வரவேண்டிய புலியார் ஒரு மணிக்கு வந்தார். அதற்குள் குஞ்சுகள் வயிறாரத் தின்று, குளித்து, வீடு திரும்பிவிட்டன. புலியார் ரிப்பன் வெட்டி, பாதையில் பதினோரு அடி நடந்து, காரில் ஏறிப் போனார். அவர் போனதும் கயிறு அவிழ்ந்தது. பன்றிகள் பழையபடி பறந்தன. சாயங்காலத்துக்குள் உலகத்தரப் பாதை முழுக்கப் பைக்குகள் நின்றன.

பூவாத்தாள் நெடுநேரம் யோசித்தாள். மறுநாள் நேராக நரியிடம் போனாள்.

"சார், பாதை ரொம்ப ஜோர். ஒரே ஒரு குறை. குளத்தங்கரையில பேர்ப்பலகை இல்ல. புலியாரையே கூப்பிட்டு அடிக்கல் நாட்டினா நல்லாயிருக்கும். காலையிலேயே வச்சுக்கலாமா?"

நரியின் கண்ணில் நீர் கோத்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் பொதுமக்களில் ஒருவர் முதல்முறையாக அரசாங்கத்தின் தேவையைப் புரிந்துகொண்டிருந்தார். புலியாரும் ரிப்பன் என்றால் உயிரை விடுபவர். உடனே தேதி கிடைத்தது.

அதற்கு அடுத்த நாள் ரங்கசாமி பெஞ்சு கேட்டார். அதற்கு ஓர் அடிக்கல். மான்கள் அந்தப் பெஞ்சுக்கு நிழற்குடை கேட்டன. முயல்கள் அடிக்கல்லுக்கு வேலி கேட்டன. பெஞ்சும் வரவில்லை, குடையும் வரவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை. தினமும் காலையில் ரோடு மூடியிருந்தது. ரங்கசாமி கையை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டினார். பொதுமக்கள் பங்கேற்பில் முதலிடம் என்று காட்டுக்கு ஒரு கேடயமும் வந்தது. அதை வழங்க ஒரு விழா. அன்றைக்கும் ரோடு மூடல்.

ஒரு மாதம் பொறுத்த பன்றிகள், கடைசியில் பைக்கைத் தள்ளிக்கொண்டு கூட்டமாக அலுவலகத்துக்கு வந்தன. "தினமும் கயித்தைக் கட்டினா நாங்க எப்படிப் போறது? எங்களுக்கு ஒரு வழி வேணும் சார்!"

நரி எழுந்து நின்று வரவேற்றார். "நியாயமான கோரிக்கை. உங்க கருத்துதான் எங்களுக்கு முக்கியம். இந்த நோட்டுல ஒரு கால்தடம் வச்சுட்டு, போண்டா வாங்கிக்கோங்க."

நீதி: ரோட்டைக் கடக்க விரும்புகிறவர் பாதை கேட்கக் கூடாது, அடிக்கல் கேட்க வேண்டும்.